வீதியில் பிறந்த விருந்து

வீதியோரத்தில் நின்றுகொண்டு வாழையிலைத் துண்டிலோ கடதாசியிலோ வாங்கி உண்ணும் உணவுக்கும், வெள்ளைத் துணி விரித்த மேசையின் முன் அமர்ந்து, பரிசாரகர் பணிந்து பரிமாற உண்ணும் உணவுக்கும் இடையேயுள்ள தூரம் எவ்வளவு என்று எவரேனும் எம்மைக் கேட்டிருப்பின், முன்னெல்லாம் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம் என்றே விடை கூறியிருப்போம். அத்தூரம் சில மாடிப்படிகள் மாத்திரமே என்பதை 2024 ஆம் ஆண்டின் தொடக்கத்தில், சைகோன் நகரில், ஓர் இரவு கண்டறிந்தோம். நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக எம் நெஞ்சில் தைத்துக் கிடந்த முள் ஒன்றும் அன்றிரவே அசைந்தது. அதனைச் சொல்லவே இக்கட்டுரையை எழுதப் புகுந்தோம்.

நாம் வத்தளையில் வசிப்பவர்கள். எம் தம்பி ஆடைத் தொழிற்சாலை ஒன்றில் அதிகாரியாக வியட்நாமில் பணிபுரிகின்றார். இலங்கையில் அத்தொழிலைக் கற்றுத் தேர்ந்த எம்மவர் பலர் இன்று அந்நாட்டில் இருக்கின்றனர். "அம்மாவைக் கூட்டிக்கொண்டு ஒரு முறை வாருங்கள்" என்று அவர் பல காலமாக அழைத்து வந்தார். அம்மாவுக்கு அப்பொழுது எழுபத்தைந்து வயது. அதற்கு முன் அவர் கடல் கடந்து கண்ட ஊர் திருச்செந்தூர் ஒன்றுதான். ஆயினும் முழங்கால் நோவையும் பொருட்படுத்தாது புறப்பட்டுவிட்டார். அம்மா, எம் மனைவி, பல்கலைக்கழகத்தில் பயிலும் எம் மகள் ஆகியோருடன் நாமும் சென்றோம்.

சைகோன் என்பது பழைய பெயர். 1976 ஆம் ஆண்டு முதல் ஹோ சி மின் நகரம் என்பதே அதன் அரசாங்கப் பெயர். எனினும் அவ்வூரார் இன்றும் சைகோன் என்றே வாயாரச் சொல்லுகின்றனர். விமான நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் அம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டு, "கொழும்பு வெக்கைதான்" என்றார். வெக்கை மாத்திரமன்று, ஆற்றங்கரை வாடையும், தெருவெங்கும் கடைகளும், கோவில் வாசலில் பூ விற்போரும் எமக்குக் கொட்டாஞ்சேனையையே நினைவூட்டின.

முதலில் கோவிலுக்குப் போக வேண்டும் என்றார் அம்மா. அந்நகரின் நடுவே, தொன் தாட் தியெப் என்னும் வீதியில் தெண்டாயுதபாணி கோவில் ஒன்று இருக்கின்றது. பிரெஞ்சுக்காரர் ஆட்சிக் காலத்தில் அங்கு வட்டிக்கடை நடத்திய நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் அமைத்த கோவில் அது. கொழும்புச் செட்டியார் தெருவில் கதிரேசன் கோவில்களை அமைத்து, ஆடிவேல் இரதத்தைப் பம்பலப்பிட்டியை நோக்கி இழுத்தவர்களும் அதே சமூகத்தாரே. பர்மா, மலாயா, இலங்கை, இந்தோசீனா என்று அவர்கள் கடை விரித்த இடமெல்லாம் முருகனுக்கும் ஓர் இடம் விட்டிருந்தார்கள். புதுச்சேரி, காரைக்காலிலிருந்து பிரெஞ்சு அரசாங்க உத்தியோகத்துக்குச் சென்ற தமிழரும் அங்கு இருந்தனர். 1975 ஆம் ஆண்டில் யுத்தம் முடிந்தபின் அவர்களுட் பெரும்பாலோர் வெளியேறினர். துருங் டின் வீதியிலுள்ள மாரியம்மன் கோவிலில் இன்று தீபம் ஏற்றி வணங்குவோருட் பெரும்பாலோர் வியட்நாமியரே. அவர்கள் சுவரில் நெற்றியைப் பதித்து அம்மனிடம் முறையிடுவதைக் கண்டு எம் அம்மா நெடுநேரம் நின்றுவிட்டார்.

அன்றிரவு விருந்துக்குத் தம்பி தெரிந்தெடுத்த உணவுச்சாலை, தெண்டாயுதபாணி கோவிலிலிருந்து நடந்து செல்லக்கூடிய தூரத்திலேயே, தொன் தாட் டாம் வீதியில் இருந்தது. அதன் பெயர் 'அன் அன் சைகோன்'. வியட்நாமிய மொழியில் 'அன்' என்றால் 'உண்' என்பது பொருள். ஆகவே, 'உண், உண்' என்று இருமுறை உபசரிக்கும் பெயர் அது. பழைய சந்தை என்று பொருள்படும் 'சோ கூ' என்னும் இடத்தில், அவ்வூருக்கே உரிய ஒடுங்கி உயர்ந்த வீடொன்றில் அது அமைந்திருக்கின்றது. பகலில் அத்தெருவிலே மீனும் கீரையும் விற்கிறார்கள். அந்த வாடையைக் கடந்துதான் உணவுச்சாலையின் படிகளில் ஏற வேண்டும்.

உணவுச்சாலைகளைத் தரம் பார்த்து நட்சத்திரம் வழங்கும் மிஷெலின் வழிகாட்டியைப் பற்றி வாசகர்கள் கேள்விப்பட்டிருப்பார்கள். மோட்டார் வாகனச் சில்லுகளுக்கு டயர் செய்யும் பிரெஞ்சுக் கம்பனி ஒன்று 1900 ஆம் ஆண்டில் பிரயாணிகளுக்காக வெளியிடத் தொடங்கிய சிறு நூல் அது. 1926 ஆம் ஆண்டு முதல் நட்சத்திரமும் வழங்கி வருகின்றது. அந்நூல் 2023 ஆம் ஆண்டு ஜூன் மாதத்திலேயே வியட்நாமுக்கு முதன்முதலாக வந்தது. அவ்வாண்டு அந்நாட்டில் நான்கு உணவுச்சாலைகள் நட்சத்திரம் பெற்றன. மூன்று ஹனோயில் உள்ளவை. சைகோனில் பெற்றது இது ஒன்றே.

இத்தகைய இடத்தில் என்ன பரிமாறுவார்கள்? பிரெஞ்சுப் பண்டங்களையா? இல்லை. அவ்வூர் நடைபாதையில் கூலியாட்களும் மாணவரும் குந்தியிருந்து உண்ணும் பண்டங்களையே புது வடிவில் பரிமாறுகிறார்கள். அதுவே அவ்வுணவுச்சாலையின் புதுமை.

முதலில் வந்தது 'பான் செயோ'. அரிசி மாவில் மஞ்சளும் தேங்காய்ப்பாலும் கலந்து, சுடு தாச்சியில் ஊற்றி, இறாலும் பயற்ற முளையும் வைத்து மடிக்கும் பண்டம் இது. மா தாச்சியில் விழும்போது எழும் 'சொய்' என்னும் ஓசையே அதற்குப் பெயராயிற்றாம். வீதியில் இரு கை அகலத்துக்கு இருக்கும் அப்பண்டத்தை இங்கே உள்ளங்கையில் அடங்கும்படி செய்திருந்தார்கள். அம்மா ஒரு துண்டைக் கடித்து, கண்ணை மூடிச் சற்று யோசித்தார். "இது அப்பம் மாதிரி இல்லை. மாவைப் புளிக்க வைக்கேல்லை. கரைச்ச உடனே ஊத்தினது. அதுதான் இந்த மொறுமொறுப்பு" என்றார். பரிசாரகப் பெண் அதனைத் தம்பியிடம் ஆங்கிலத்தில் கேட்டறிந்து, வியந்து தலையசைத்தாள்.

அடுத்து, 'தாலாத் பிட்சா' என்று வேடிக்கையாக அழைக்கப்படும் பண்டம் வந்தது. மலைநாட்டு நகரமாகிய தாலாத்தில், குளிர் இரவுகளில், நடைபாதைக் கரியடுப்பில் மெல்லிய அரிசித்தாளை வாட்டி, முட்டையும் வெங்காயத் தாளும் தூவிக் கொடுப்பார்கள். எம்மூர் அப்பளத்துக்கு ஒன்றுவிட்ட தங்கை என்று அதனைக் கூறலாம்.

பின்னர் 'ஃபோ' என்னும் சாறு வந்தது. அம்மா மாட்டிறைச்சி உண்ணாதவராகையால் அவருக்குக் கோழியில் காய்ச்சியதைத் தம்பி முன்னரே சொல்லி வைத்திருந்தார். கறுவா, கராம்பு, அன்னாசிப்பூ ஆகியவற்றின் மணம் மேசைக்கு முன்னதாகவே வந்துவிட்டது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வட வியட்நாமில் தோன்றிய உணவு அது. அக்காலத்தில் அதனை விற்றோர் தோளிலே காவுதடி வைத்து, ஒரு முனையில் கொதிக்கும் பானையையும் மறு முனையில் கோப்பைகளையும் தொங்கவிட்டுத் தெருத் தெருவாய்த் திரிந்தார்களாம். 1954 ஆம் ஆண்டில் நாடு இரண்டாகப் பிரிந்து, வடக்கிலிருந்து இலட்சக்கணக்கானோர் தெற்கே வந்தபோது ஃபோவும் அவர்களோடு வந்து சைகோனில் குடியேறியது. வீட்டை விட்டு வந்தோர்க்குத் தம் அடுப்பை விட்டுவர முடியவில்லை போலும்.

எல்லாவற்றிலும் 'நுக் மாம்' என்னும் மீன் சாறு ஒரு துளியேனும் கலந்திருந்தது. சிறு மீனையும் உப்பையும் மரப்பீப்பாயில் அடுக்கி, ஏறக்குறைய ஓராண்டு ஊறவிட்டு வடித்தெடுப்பது அது. எம் மனைவி மூக்கைச் சுளித்தார். "நீர்கொழும்பு றோட்டாலை போகாதவை மாதிரி!" என்று அம்மா சிரித்தார். கருவாட்டு வாடையில் வாழும் எமக்கு அது அந்நியமன்றே!

அவ்வுணவுச்சாலையில் நூறு அமெரிக்க டொலர் விலையில் ஒரு 'பான் மீ' உண்டாக்கிப் பெயர் பெற்றார்கள் என்று தம்பி கூறினார். பான் மீ என்பது பிரெஞ்சுக்காரர் கொண்டுவந்த நீண்ட பாணை வியட்நாமியர் தமதாக்கி, இறைச்சியும் ஊறுகாயும் மல்லித்தழையும் வைத்து விற்கும் ஏழைகளின் காலையுணவு. நடைபாதையில் ஒரு டொலர் அளவில் கிடைக்கும். "நூறு மடங்கா?" என்று மகள் வியந்தாள்.

அப்பொழுதுதான் பரிசாரகப் பெண் அவ்வுணவுச்சாலையை 2017 ஆம் ஆண்டில் தொடங்கிய பீட்டர் குவொங் பிராங்ளின் என்பவரின் கதையைச் சொன்னாள். அவர் தாலாத்தில் பிறந்தவர். 1975 இல் யுத்தம் முடிந்த வேளையில் சிறுவனாக நாட்டை விட்டு வெளியேறி, அமெரிக்காவில் வளர்ந்து, யேல் பல்கலைக்கழகத்தில் கற்று, வங்கித் துறையில் உயர்ந்த உத்தியோகம் பார்த்தவர். பின்னர் அவற்றையெல்லாம் விட்டுச் சமையற்கலை பயின்று தாய்நாடு திரும்பினார். "அவருடைய அம்மா தாலாத்தில் நூடில்ஸ் கடை நடத்தியவர். அதிலிருந்துதான் எல்லாம் தொடங்கியது என்று அவர் சொல்லுவார்" என்றாள் அப்பெண்.

தம்பி அதனைத் தமிழாக்கிக் கூறினார். அம்மா கரண்டியைக் கீழே வைத்தார்.

"நல்ல பிள்ளை" என்றார். "தாய் கடை போட்டதைச் சொல்ல வெட்கப்படேல்லை."

அவர் எம்மைப் பார்க்கவில்லை. ஆயினும் எம் முகம் சுட்டது.

பிறகு, விலைப் பட்டியலைப் பார்த்து ரூபாயில் எவ்வளவு என்று கேட்டார். தம்பி தயங்கித் தயங்கிச் சொன்னார். அம்மா விரல் விட்டு எண்ணினார். "இந்தக் காசுக்கு நான் எத்தனை மாதம் இடியப்பம் அவிச்சிருப்பன்!"

"அப்பம்மா இடியப்பம் வித்தீங்களா?" என்று மகள் கேட்டாள்.

அவளுக்கு இருபத்தொரு வயது. அதுநாள் வரையில் அச்செய்தியை அவளுக்கு நாம் சொன்னதில்லை. "தாத்தா துறைமுகத்தில் வேலை செய்தார், அப்பம்மா வீட்டைப் பார்த்தார்" என்று ஒரு வரியில் முடித்திருந்தோம்.

எம் தந்தையார் 1980 இல் திடீரெனக் காலமானபோது எமக்குப் பத்து வயது; தம்பிக்கு ஏழு. கொட்டாஞ்சேனையில், ஜம்பட்டா வீதியிலிருந்து பிரியும் ஒழுங்கை ஒன்றில் ஓர் அறை வீட்டில் இருந்தோம். ஒரு மாதம் கழிவதற்குள் அம்மா அயலாரிடம் கடன் வாங்கி இடியப்பத் தொழிலைத் தொடங்கினார். அதிகாலை மூன்று மணிக்கு எழுவார். வறுத்த சிவப்பரிசி மாவைக் கொதிநீர் விட்டுக் குழைத்து, மர உரலில் இட்டு அழுத்திப் பிழிவார். அந்த அழுத்தத்தால் அவர் வலது உள்ளங்கையில் காய்த்துப்போன தழும்பு இன்றும் இருக்கின்றது. ஐந்து மணிக்கு ஓலைப்பெட்டி நிறைந்துவிடும். ஒரு கையில் பெட்டி, மறு கையில் சொதி வாளி. செவ்வாய்க்கிழமைகளில் கொச்சிக்கடை அந்தோனியார் கோவிலுக்குச் சனம் திரளுமாதலால் மாலையில் அங்கே அவித்த கடலையும் விற்பார். பத்து இடியப்பம் வாங்குவோர்க்குப் பதினோராவது ஒன்றை வைப்பார். "வீட்டிலை குழந்தைப்பிள்ளை இருக்கும்" என்பது அவர் கணக்கு.

நாம் புலமைப்பரிசில் பெற்று நகரின் பெயர் பெற்ற கல்லூரி ஒன்றில் சேர்ந்தோம். 1982 ஆம் ஆண்டில், ஒரு சனிக்கிழமை காலையில், சக மாணவன் ஒருவனின் வீட்டுக்குப் படிக்கச் சென்றிருந்தோம். பெரிய வீடு. வாயிற்படியில் அமர்ந்திருக்கையில் படலை திறந்தது. ஓலைப்பெட்டியுடன் அம்மா நின்றார். அவ்வீடு அவருடைய வாடிக்கை என்பதை நாம் அறியோம். எம்மைக் கண்டதும் அவர் முகம் மலர்ந்தது.

"இடியப்பக்காரம்மா உன்னைப் பார்த்துச் சிரிக்கிறாவே, தெரியுமா?" என்று நண்பன் கேட்டான்.

"தெரியாது" என்றோம்.

ஒரு சொல். அம்மா தலையைக் குனிந்துகொண்டு எண்ணி வைத்துவிட்டுப் போய்விட்டார். மாலையில் வீடு திரும்பியபோது வழக்கம்போலச் சோறு போட்டார். அது பற்றி அன்றும் பேசவில்லை, பின்னரும் பேசவில்லை. நாம் படித்தோம், உத்தியோகம் பெற்றோம், 1996 இல் வத்தளைக்கு வீடு மாறினோம். அம்மாவின் உரல் ஒரு சாக்கினுள் கட்டப்பட்டுக் குசினிப் பரணில் ஏறியது. அதனை அங்கு ஏற்றியவர்கள் நாமே.

சைகோன் மேசையில் மகளுக்கு விடை கூறியவர் அம்மா. தொழிலின் நுட்பத்தையெல்லாம் ஒன்றுவிடாமல் உற்சாகத்தோடு விவரித்தார். படலையில் நடந்ததை மாத்திரம் சொல்லவில்லை. நாமும் அன்றிரவு வாய் திறக்கவில்லை, உறங்கவுமில்லை.

விடிவதற்கு முன் அம்மாவும் மகளும் வெளியே புறப்படும் ஓசை கேட்டுப் பின்தொடர்ந்தோம், தம்பியும் வந்தார். தெருமுனையில் நடுத்தர வயதுப் பெண்ணொருத்தி சிறிய பிளாஸ்டிக் முக்காலிகளை வரிசையாக வைத்துக் கடை விரித்திருந்தாள். அவள் விற்றது 'பான் ஹோய்'. அரிசி மாவை நூலினும் மெல்லிய இழைகளாகப் பிழிந்து, பின்னல் போல் அடுக்கி, வெங்காயத் தாள் தாளித்த எண்ணெய் தடவிக் கொடுக்கும் பண்டம்.

"இடியப்பம்!" என்றார் அம்மா.

முழங்கால் நோவை மறந்து முக்காலியில் அமர்ந்து, இரு கைகளாலும் உரலை அழுத்திப் பிழிவது போலச் செய்து காட்டினார். அப்பெண் உரக்கச் சிரித்து, தானும் அவ்வாறே செய்து காட்டினாள். இருவருக்கும் பொது மொழி ஒரு சொல்லும் இல்லை. ஆனால் பேச்சு நிற்கவில்லை. புறப்படும்போது அப்பெண் மகளின் தட்டில் கேட்காமலே ஒரு துண்டு அதிகம் வைத்தாள். அம்மா எம்மைத் திரும்பிப் பார்த்தார். பதினோராவது இடியப்பம் எமக்கு நினைவு வந்தது.

அப்பொழுதுதான் எமக்குத் துணிவு பிறந்தது. "அம்மா, 82 இலே, அந்தப் பெரிய வீட்டிலே, நான்..." என்று தொடங்கினோம், மேலே சொல்ல வரவில்லை.

"அந்த வீட்டுக்கு இருபத்தைந்து" என்றார் அம்மா. "ஞாயிற்றுக்கிழமையில் நாற்பது. பிறகு நான் போகேல்லை. சின்னவனைக் கொண்டு குடுத்து விட்டனான்."

தம்பி நிமிர்ந்து பார்த்தார். "அந்த வீட்டுக்கு மட்டும் ஏன் என்னை அனுப்பினீங்கள் என்று எனக்கு இண்டு வரைக்கும் தெரியாது" என்றார்.

அம்மா பதில் கூறவில்லை. தட்டில் மீதியிருந்ததை எம் பக்கம் தள்ளினார். மூத்தவனுக்கு வெட்கம் நேரக்கூடாது என்று, ஒன்பது வயது இளையவனின் தலையில் பெட்டியை ஏற்றி அனுப்பிய அந்தத் தாயின் முன் நாம் எதைச் சொல்லி மன்னிப்புக் கேட்பது? மகளின் முன்னிலையில், தெருவோரத்தில், நடந்ததை முழுவதும் வாய்விட்டுச் சொன்னோம். அவ்வளவே எம்மால் இயன்றது.

ஊர் திரும்பியபின் இதைப் பற்றிப் பலவாறு சிந்தித்தோம். வீதி உணவுக்கு உலகில் இப்பொழுது மதிப்பு ஏறியிருக்கின்றது. 2016 ஆம் ஆண்டில் சிங்கப்பூரில் கோழியும் சோறும் விற்கும் சிறு கடையொன்று மிஷெலின் நட்சத்திரம் பெற்றது. அதே ஆண்டில் அமெரிக்க ஜனாதிபதி ஒபாமா ஹனோயில் பிளாஸ்டிக் முக்காலியில் அமர்ந்து 'பூன் சா' உண்டார். 2020 இல் சிங்கப்பூரின் தெருவுணவுப் பண்பாட்டை யுனெஸ்கோ நிறுவனம் மனிதகுலத்தின் மரபுச் செல்வங்களுள் ஒன்றாக ஏற்றது. எம் கொழும்பிலும் கொத்துரொட்டியும் காலிமுகத்திடல் இறால் வடையும் பெரிய ஹோட்டல்களின் மேசைகளுக்கு ஏறிவிட்டன. இது நன்றே. கைத்திறன் எங்கிருப்பினும் அதற்குரிய விலை கிடைக்கட்டும்.

ஆனால் பண்டத்துக்கு ஏறிய மதிப்பு அதனைச் சமைத்த கைக்கும் ஏறியதா? அந்த உணவுச்சாலை திறக்கப்பட்ட அதே 2017 ஆம் ஆண்டில் சைகோன் நகர நடுவில் நடைபாதைகளைத் துப்புரவாக்கும் பெரும் நடவடிக்கை நடந்தது. தெருவோரத்தில் விற்றோர் அகற்றப்பட்டனர். எம் புறக்கோட்டை நடைபாதைகளிலும் அத்தகைய காட்சிகள் காலந்தோறும் நடப்பனவே. மேலே மாடியில் பண்டத்தைப் போற்றுவதும் கீழே தெருவில் அதன் தாயை விரட்டுவதும் ஒரே காலத்தில் நிகழ்கின்றன. அரசாங்கங்களை நாம் குறை கூறப் புகவில்லை. ஒரு வாயிற்படியில் அமர்ந்து "தெரியாது" என்று சொன்னவர்க்கு அந்தத் தகுதி ஏது?

இதனை வாசிக்கும் மாணவ மணிகளுக்கு ஒன்று கூறுவோம். உங்கள் தாய் அப்பம் சுடலாம். தந்தை மீன் கூடை சுமக்கலாம். எவரேனும் "தெரியுமா?" என்று கேட்டால் உடனே விடை கூறுங்கள். அந்த விடையைத் தாமதித்துச் சொல்ல எமக்கு நாற்பத்திரண்டு ஆண்டுகள் சென்றன. அம்மா காத்திருந்தார் என்பது எம் நல்லூழ்.

பரணிலிருந்த உரலை மகளே இறக்கினாள். இப்பொழுது ஞாயிற்றுக்கிழமைகளில் எம் வத்தளை வீட்டில் இடியப்பம். அம்மா முக்காலியில் அமர்ந்து மாவின் பதம் பார்த்துச் சொல்ல, உரலை அழுத்துவது நாம். விருந்தினர் வந்தால், அம்மா கொட்டாஞ்சேனையில் விற்ற இடியப்பம் இது என்று சொல்லியே பரிமாறுகின்றோம். எம் இழைகள் இன்னும் தடிப்பாகவே விழுகின்றன என்பது அம்மாவின் தீர்ப்பு.